கடையைக் கட்டிய கைப்பேசி நிறுவனம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

புதுக் கடை திறக்கும் நாளில் வாசலில் வாழைமரம் கட்டுவார்கள். ஒலிபெருக்கி முழங்கும். வந்தவர்க்கெல்லாம் கற்கண்டும் சந்தனமும் கிடைக்கும். அதே கடையை மூடும் நாளுக்கு எவரும் அழைப்பிதழ் அச்சடிப்பதில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் பெயர்ப்பலகை அப்படியே இருக்கும், கதவு மட்டும் திறக்காது. ஏன் மூடிவிட்டார்கள் என்று கேட்டால், "வியாபாரம் இல்லையாம்" என்று அடுத்த கடைக்காரர் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை கணக்குகள் அடங்கியிருக்கின்றன என்பதை ஓர் உண்மை நிகழ்ச்சியின் வாயிலாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தென் கொரியாவைச் சேர்ந்த எல்ஜி எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், தான் இனி ஸ்மார்ட்போன் செய்வதில்லை என்று 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் அறிவித்தது. நம் வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியாகவும் சலவை இயந்திரமாகவும் தொலைக்காட்சியாகவும் அறிமுகமான அதே எல்ஜிதான். மற்றப் பொருள்கள் எல்லாம் நன்றாக விற்றுக்கொண்டிருக்க, கைப்பேசியை மட்டும் ஏன் கைவிட்டது?

இந்நிறுவனத்தின் பிறப்பே சுவையானது. 1947ஆம் ஆண்டில் கூ இன்-ஹ்வோய் என்பவர் 'லக்கி' என்ற பெயரில் முகத்தில் பூசும் கிரீம் தயாரிக்கத் தொடங்கினார். கிரீம் விற்றது, ஆனால் புட்டியின் மூடி அடிக்கடி உடைந்தது. உடையாத மூடி வேண்டுமே என்று பிளாஸ்டிக் தொழிலில் இறங்கினார்கள். பிளாஸ்டிக் கைவந்ததும் சீப்பு, சோப்புப் பெட்டி, பல் துலக்கும் பிரஷ் என்று வளர்ந்தது. 1958இல் 'கோல்ட்ஸ்டார்' என்ற மின்சாதன நிறுவனத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே கொரியாவின் முதல் வானொலிப் பெட்டியைச் செய்தனர். 1965இல் குளிர்சாதனப் பெட்டி, 1966இல் தொலைக்காட்சி, 1969இல் சலவை இயந்திரம். இவை அனைத்தும் அந்நாட்டில் முதன்முதலாகச் செய்யப்பட்டவை. லக்கி, கோல்ட்ஸ்டார் என்னும் இரு பெயர்களின் முதலெழுத்துகளே 1995இல் எல்ஜி ஆயின. ஒரு மூடி உடைந்ததில் இவ்வளவு பெரிய தொழில் முளைத்தது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

கைப்பேசியிலும் எல்ஜி சளைத்ததன்று. 2005இன் இறுதியில் 'சாக்லேட்' என்ற பெயரில் வந்த கரிய நிறக் கைப்பேசி உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. 2006 டிசம்பரில் இத்தாலி நாட்டு பிராடா நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு கைப்பேசியை அறிவித்தது. அதில் எண் பொத்தான்களே இல்லை. விரல் பட்டாலே உணரும் கண்ணாடித் திரை இருந்தது. ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோனை அறிவித்தது அதற்கு அடுத்த மாதம், அதாவது 2007 ஜனவரி 9ஆம் நாள்! 2009ஆம் ஆண்டில் எல்ஜி 11 கோடிக்கும் மேற்பட்ட கைப்பேசிகளை விற்று, நோக்கியா, சாம்சங் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக உலகில் மூன்றாம் இடத்தில் நின்றது.

தொடுதிரையை முன்கூட்டியே தந்தவர்கள் பின்தங்கியது எப்படி என்று தோழியர் கேட்கலாம். ஐபோனின் சிறப்பு திரையில் மட்டும் இல்லை. 2008இல் ஆப்பிள் தன் செயலிக் கடையைத் திறந்தது. அதே ஆண்டில் கூகுளின் ஆண்ட்ராய்டு மென்பொருளுடன் முதல் கைப்பேசி வெளிவந்தது. பேசுவதற்கான கருவி சட்டைப் பைக்குள் அடங்கும் கணிப்பொறியாக மாறிக்கொண்டிருந்தது. எல்ஜியோ அழகிய சாதாரணக் கைப்பேசிகள் நன்றாக விற்கின்றன என்று அதிலேயே நின்றது. 2010இல் கைப்பேசிப் பிரிவு நட்டத்தில் விழவே, தலைமை நிர்வாகி பதவி விலக நேர்ந்தது.

பிறகு விழித்துக்கொண்டார்கள். கூகுள் நிறுவனமே தன் நெக்சஸ் 4, நெக்சஸ் 5 கைப்பேசிகளைச் செய்யும் பொறுப்பை 2012லும் 2013லும் எல்ஜியிடம் ஒப்படைத்தது. 2014இல் வந்த ஜி3 என்ற கைப்பேசியின் திரைத் தெளிவு பெரிதும் பாராட்டப்பட்டது. அந்த ஆண்டில் ஏறக்குறைய 5 கோடியே 90 இலட்சம் ஸ்மார்ட்போன்கள் விற்றன. ஏழே ஆண்டுகளில் இந்தத் தொழில் இழுத்து மூடப்படும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

முதிர்ந்த சந்தை என்றால் என்ன?

ஓர் ஊரில் நூறு வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். எந்த வீட்டிலும் மிக்சி இல்லை. அவ்வூரில் மிக்சிக் கடை வைப்பவருக்கு நூறு வீடுகளும் வாடிக்கையே. இரண்டு கடை வந்தாலும் பிழைக்கலாம், ஐந்து கடை வந்தாலும் பிழைக்கலாம். சில ஆண்டுகளில் நூறு வீட்டிலும் மிக்சி வந்துவிடுகிறது. இனிமேல் யார் வாங்குவார்கள்? பழையது பழுதானவர்கள் மட்டுமே. பழையது உறுதியானதாக இருந்தால் அவர்களும் பத்தாண்டு கழித்துத்தான் வருவார்கள். கடைகள் ஐந்து, வாங்க வருபவர் ஆண்டுக்குப் பத்துப் பேர். இதைத்தான் முதிர்ந்த சந்தை என்கிறோம். பொருளுக்குத் தேவை போய்விட்டது என்பது இதன் பொருளன்று. எல்லோரிடமும் இருக்கிறது என்பதே இங்குச் சிக்கல்.

உலகில் 2010இல் விற்ற ஸ்மார்ட்போன்கள் ஏறக்குறைய 30 கோடி. 2016இல் அது 147 கோடி! ஆறே ஆண்டில் ஐந்து மடங்கு. அதோடு ஏற்றம் நின்றது. 2020இல் 129 கோடிக்கும் 2023இல் 117 கோடிக்கும் இறங்கியது. பழைய கைப்பேசியே வேகமாக இயங்கும்போது, புதியதில் கேமரா சற்றுக் கூடுதலாகத் தெளிவு என்பதற்காக எத்தனை பேர் பணம் கொடுப்பார்கள்? எங்கள் வீட்டில் நான் கேட்டுப் பார்த்தேன், பதில் கிடைக்கவில்லை. அது வேறு கதை.

சந்தை வளரும்போது எல்லோருக்கும் இடம் உண்டு. வளர்ச்சி நின்றால், ஒருவர் கூடுதலாக விற்பதற்கு இன்னொருவரின் வாடிக்கையைத்தான் பறிக்க வேண்டும். விலை உயர்ந்த கைப்பேசி வாங்குவோர் ஆப்பிளையும் சாம்சங்கையும் தேடிப் போனார்கள். குறைந்த விலைக்கு நிறைந்த வசதி வேண்டுவோரை ஷாவ்மி, ஓப்போ, விவோ முதலிய சீன நிறுவனங்கள் அள்ளிக்கொண்டன. எல்ஜிக்கு மேலேயும் இடமில்லை, கீழேயும் இடமில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நிலைதான்.

இங்கே ஒரு கணக்கைச் செய்து பார்ப்பது நல்லது. பள்ளி விழாவில் இரண்டு வகுப்பார் வடைக் கடை போடுகிறார்கள். பந்தலுக்கும் அடுப்புக்கும் இரு வகுப்பாருக்கும் வாடகை ஆயிரம் ரூபாய். ஒரு கடையில் ஆயிரம் வடை விற்றால், ஒரு வடையின் தலையில் ஒரு ரூபாய் வாடகை ஏறும். மற்றதில் நூறு வடைதான் விற்றது என்றால், ஒவ்வொரு வடையின் தலையிலும் பத்து ரூபாய்! மாவும் எண்ணெயும் இன்னும் கணக்கில் வரவில்லை. வடை பத்து ரூபாய் என்று பலகையில் எழுதியிருந்தால், அந்த வகுப்பார் பருப்பை ஊற வைக்கும்போதே நட்டப்பட்டுவிட்டார்கள். விலையைக் கூட்டினாலோ வருகிற நூறு பேரும் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

கைப்பேசியிலும் இப்படியே. புதிய மாதிரியை வடிவமைக்கவும், மென்பொருளைச் சோதிக்கவும், விளம்பரம் செய்யவும் ஆகும் செலவு, ஒரு இலட்சம் விற்றாலும் ஒரு கோடி விற்றாலும் பெரிதாக மாறாது. 2020இல் சாம்சங் 25 கோடியே 60 இலட்சம் கைப்பேசிகளை அனுப்பியது. எல்ஜி அனுப்பியது 2 கோடியே 30 இலட்சம். ஏறத்தாழப் பதினொன்றுக்கு ஒன்று. திரையும் சில்லும் வாங்கப் போகும்போதும், அதிகம் வாங்குபவருக்கே விலை குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சந்தையை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. எல்ஜி செய்த பிழைகளும் உண்டு. 2015இல் வந்த ஜி4 கைப்பேசிகள் பல, தாமே அணைந்து அணைந்து எரிந்து, கடைசிவரை திறக்காமலே போயின. உள்ளே உறுப்புகளின் இணைப்பு தளர்ந்ததே காரணம் என்று 2016 ஜனவரியில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தனர். அதே 2016இல் ஜி5 வந்தது. இதன் அடிப்பகுதியை இழுப்பறை போல வெளியே இழுத்து, கேமராப் பிடி, இசைக் கருவி என்று வேறு உறுப்புகளை மாட்டலாம். கருத்து நல்லதுதான். ஆனால் மக்கள் அவ்வளவாக வாங்கவில்லை. மறு ஆண்டு வந்த ஜி6இல் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள். நம்பி அந்த உறுப்புகளை வாங்கியவர்கள் கதி என்ன?

அதற்குப் பின்னும் புதுமைகளுக்குக் குறைவில்லை. 2019இல் உள்ளங்கை நரம்புகளைப் பார்த்துத் திறக்கும் கைப்பேசி. 2020இல் 'விங்' என்ற பெயரில், மேல் திரையைச் சுழற்றினால் டி என்ற ஆங்கில எழுத்தைப் போல நிற்கும் கைப்பேசி. 2021 ஜனவரியில், பாயைச் சுருட்டுவது போல் திரை சுருண்டு விரியும் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார்கள். அது விற்பனைக்கு வரவே இல்லை. கேட்பவர் வேண்டியது பழுதாகாத, விரைவாகப் புதுப்பிப்புகள் வருகின்ற ஒரு சாதாரணக் கைப்பேசி. கிடைத்ததோ வித்தை காட்டும் கைப்பேசி. அறிவில் குறைந்தவர்கள் அல்லர் எல்ஜியின் பொறியாளர்கள். வாடிக்கையாளர் எதற்காக வருகிறார் என்பதை மேலிருந்து முடிவு செய்தவர்கள் மறந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இருபத்து மூன்று காலாண்டுகள்

ஒரு காலாண்டு என்பது மூன்று மாதம். 2015இன் இரண்டாம் காலாண்டு முதல் 2020இன் கடைசிக் காலாண்டு வரை, தொடர்ந்து 23 காலாண்டுகள் எல்ஜியின் கைப்பேசிப் பிரிவு நட்டமே கண்டது. மொத்த நட்டம் ஏறக்குறைய 5 இலட்சம் கோடி வோன். டாலரில் 450 கோடி. நம் ரூபாயில் அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 33,000 கோடி.

இதை வகுப்பில் படித்தபோது எங்கள் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார். "மூன்று மாதம் நட்டம் வந்தால் பொறுக்கலாம். ஓராண்டு பொறுக்கலாம். ஆறாண்டு ஏன் பொறுத்தார்கள்?" வகுப்பில் ஆளுக்கொரு விடை சொன்னோம். கைப்பேசி என்பது எப்போதும் கையில் இருப்பது. அதில் எல்ஜி என்று எழுதியிருந்தால் அடுத்த முறை தொலைக்காட்சி வாங்கும்போதும் அப்பெயர் நினைவுக்கு வரும். வீட்டுச் சாதனங்களைக் கைப்பேசி வழியே இயக்கும் காலத்தில், அந்தத் திறவுகோலை மற்றவரிடம் கொடுக்க மனம் வராது. அமெரிக்காவில் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பங்கு விற்பனையுடன் மூன்றாம் இடமும் அப்போது எல்ஜிக்கு இருந்தது. இவை எல்லாம் நியாயமான காரணங்களே.

இன்னொரு காரணத்தை நான் சொன்னேன். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை. சென்ற ஆண்டு இவ்வளவு போட்டுவிட்டோம், இப்போது நிறுத்தினால் அவ்வளவும் வீண் என்று எண்ணி மேலும் போடுவது. போன பணம் நிறுத்தினாலும் திரும்பாது, தொடர்ந்தாலும் திரும்பாது. ஆகவே இனிப் போடப்போகும் பணத்துக்கு என்ன வரும் என்பதை மட்டுமே பார்க்க வேண்டும் என்று பொருளியல் கூறுகிறது. சொல்வது எளிது. பத்து மாதம் சீட்டுக் கட்டிவிட்டுப் பதினோராம் மாதம் நிறுத்தச் சொன்னால் எந்த அம்மாவால் முடியும்?

2021 ஜனவரி 20ஆம் நாள் தலைமை நிர்வாகி குவோன் போங்-சோக், கைப்பேசித் தொழிலைப் பற்றி எல்லா வழிகளும் ஆராயப்படுகின்றன என்று ஊழியர்களுக்கு எழுதினார். வேலை நிலைக்கும் என்றும் உறுதி கூறினார். விற்பனைக்குப் பேச்சு நடந்ததாகவும், விலை படியவில்லை என்றும் செய்திகள் வந்தன. இறுதியில் ஏப்ரல் 5ஆம் நாள் இயக்குநர் குழு கூடி, ஜூலை 31ஆம் நாளுக்குள் தொழிலை முடித்துக்கொள்வது என்று தீர்மானித்தது. அமெரிக்கச் சந்தையில் எல்ஜி விட்ட மூன்றாம் இடத்தில் அதே ஆண்டில் மோட்டோரோலா அமர்ந்துகொண்டது.

வேலை செய்தவர்கள்

தென் கொரியாவில் அப்பிரிவில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் எல்ஜியின் மற்றப் பிரிவுகளுக்கும் உடன்பிறந்த நிறுவனங்களுக்கும் மாற்றப்பட்டனர். அதற்கு முன்பே, 2019இல், பியோங்டேக் நகரில் நடந்த கைப்பேசித் தயாரிப்பு வியட்நாமின் ஹாய்போங் நகருக்குப் போய்விட்டது. அப்போதும் அங்கிருந்த தொழிலாளர்களுக்கு சாங்வோனில் உள்ள வீட்டுச் சாதன ஆலையில் இடம் கொடுத்தார்கள். பெரிய குடும்பத்தில் ஒரு வயல் விளையாவிட்டாலும் இன்னொரு வயல் சோறு போடுவது போல.

பிரேசில் நாட்டுக் கதை இவ்வளவு இதமானதன்று. சாவோ பாலோ மாநிலத்தில் டௌபாடே என்னும் ஊரில் எல்ஜியின் ஆலை ஒன்று இருந்தது. அக்கம்பக்கத்து ஊர்களில் எல்ஜிக்காகவே கைப்பேசி பூட்டிக் கொடுத்த சிறு நிறுவனங்களும் இருந்தன. அவற்றில் பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு மாறிச் செல்ல வேறு பிரிவு ஏது? 2021 ஏப்ரலில் அவர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். எல்ஜி ஆலைத் தொழிலாளர்களும் போராடி இழப்பீட்டுக்கு உடன்பாடு கண்டனர். பெரிய நிறுவனம் ஒரு தொழிலை விட்டு வெளியேறும்போது, அதன் பெயர்ப்பட்டியலில் இல்லாதவர்களே முதலில் தெருவில் நிற்கிறார்கள்.

இது நம் மாநிலத்துக்குப் புதிதன்று. திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் 2006இல் கைப்பேசி ஆலை தொடங்கியது. நன்றாக நடந்த காலத்தில் ஏறக்குறைய 8,000 பேர் அங்கு நேரடியாக வேலை பார்த்தனர். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு நிறுவனப் பேருந்தில் ஏறிச் சென்ற இளம்பெண்கள் அவர்களில் மிகப் பலர். நம்மைவிட மூன்று, நான்கு வயதே மூத்தவர்கள். நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக 2013 செப்டம்பரில் அறிவித்தது. ஆனால் வரி வழக்கின் காரணமாகத் திருப்பெரும்புதூர் ஆலை அவ்விற்பனையில் சேரவில்லை. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். 2014 நவம்பர் 1ஆம் நாள் ஆலை நின்றது. இருபத்தைந்து வயதுகூட ஆகாதவருக்கு ஓய்வு! அதில் விருப்பம் எவ்வளவு இருந்திருக்கும்? வாங்கிய ஊதியத்தில் தம்பியைப் படிக்க வைத்தவர்களும், வீட்டுக் கடனை அடைத்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். கைப்பேசி பூட்டக் கற்ற விரல்களுக்கு அருகில் வேறு ஆலை இல்லாவிட்டால், அந்தத் திறமை வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். பின்னர் அவ்விடத்தை சால்காம்ப் என்னும் நிறுவனம் வாங்கி, 2020 முதல் அங்கே கைப்பேசிக்கு மின்னூட்டும் சார்ஜர்களைச் செய்யத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளை அந்த அக்காமார் எப்படிக் கழித்தார்கள் என்பது எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் வராது.

எல்ஜிக்கு என்ன ஆயிற்று? 2021இல் அதன் மொத்த விற்பனை முதன்முறையாக 70 இலட்சம் கோடி வோனைத் தாண்டியது. வீட்டுச் சாதன விற்பனையில் அந்த ஆண்டு அமெரிக்காவின் வேர்ல்பூல் நிறுவனத்தையே முந்தியது. கார்களுக்கு உறுப்புகள் செய்யும் பிரிவு 2022இல் முதன்முறையாக ஆண்டு இலாபம் கண்டது. அதே 2022இல் சூரிய மின்பலகைத் தொழிலையும் விட்டுவிட்டது. இம்முறை அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. என் கருத்தில் கைப்பேசியை விட்டது சரியான முடிவு. ஆனால் மூன்று ஆண்டுகளாவது முன்னதாக எடுத்திருந்தால், சிறு நிறுவனங்களுக்கும் அவற்றின் தொழிலாளர்களுக்கும் வேறு வேலை தேட அவகாசம் கிடைத்திருக்கும்.

வாங்கியவர்களை அவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. உயர்விலைக் கைப்பேசிகளுக்கு, அவை வெளிவந்த ஆண்டிலிருந்து மூன்று முறை ஆண்ட்ராய்டு புதுப்பிப்பு தரப்படும் என்று 2021 ஏப்ரலிலேயே வாக்குக் கொடுத்தனர். கடையைக் கட்டிய பிறகும் நான்கு ஆண்டுகள் புதுப்பிப்புச் சேவை நடந்தது. 2025 ஜூன் 30ஆம் நாளோடு அதுவும் நிறுத்தப்பட்டது. இன்னும் யாரிடமாவது எல்ஜி கைப்பேசி இருந்தால் அது மணியடிக்கும், படம் எடுக்கும். பழுது வந்தால் சரிசெய்யும் மென்பொருள் மட்டும் நிறுவனத்திடமிருந்து வராது.